துருவ மேகம் பார்க்கப் போன வளவன்

வளவன் என் மச்சினன். என் மனைவி மலர்கொடிக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். எங்கள் ஊரில் அவன் பேச்சு வந்தால், "அப்பனுக்கு மண்ணு போட வராத புள்ளதான?" என்றுதான் தொடங்குகிறார்கள். ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டவர்களும் பதிலைப் பாதியோடு விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். வில்லுடையான்பட்டு முருகனை மனதில் வைத்து, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, மந்தாரக்குப்பம் போகும் பக்கம். மாமனார் பெயர் பாவாடை. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். கரி கொண்டுபோகும் பெல்ட் கண்ணுக்கெட்டாத தூரம் ஓடும். அதற்கடியில் சிந்துவதை மண்வெட்டியால் அள்ளி மேலே போடுவது அவர் வேலை. சேர்ந்தபோதும் கான்ட்ராக்ட், மூச்சு வாங்கி உட்கார்ந்தபோதும் கான்ட்ராக்ட். பர்மனென்ட் ஆகாத ஆளுக்குக் குவார்ட்டர்ஸ் ஏது? புறம்போக்கில் போட்ட கூரைதான் பிறகு ஓடாகி, ஓடு பிறகு தளமானது.

மகனை டிப்ளமோ படிக்க வைத்தார். அவனும் அதே சுரங்கத்துக்கு வேறொரு கான்ட்ராக்டரிடம் வந்து சேர்ந்தான். அவன் கையில் மண்வெட்டி இல்லை, ஒரு கேமரா இருந்தது. அது முகத்தைப் படம் பிடிக்காது, சூட்டைப் படம் பிடிக்கும். பெல்ட்டைத் தாங்குகிற உருளைகளில் ஏதாவது தேய்ந்து சூடேறினால் அதில் வெள்ளையாகத் தெரியும். கவனிக்காமல் விட்டால் பெல்ட்டே பற்றிக்கொள்ளும். மகன் மேலே நடைபாதையில் கேமராவோடு போவான். தகப்பன் கீழே கரிக்குள் நிற்பார்.

"ஏண்டா, கையை வெச்சிப் பாத்தா சூடு தெரியாதா? அதுக்கு ஒரு பொட்டியா?" என்று கீழேயிருந்து கத்துவார்.

"கையை வெச்சா அப்புறம் சோறு துன்றதுக்குக் கை இருக்காதுப்பா."

"ஊட்டிவுட நான் இருக்கிறேன்டா!"

கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். மனைவி போன பிறகு அந்த மனிதருக்கு இருந்த சந்தோஷம் அவ்வளவுதான்.

மனைவி போனதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் சிக்கிக்கொண்டது. மாமியார் காலமான அன்று மாமனாரின் தம்பி பண்ருட்டியில் பலாப்பழ லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். சேதி போயும், லோடை முடித்துவிட்டுச் சாயங்காலம் வந்தார். அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. "என் பொண்டாட்டிக்கு ஒரு பிடி மண்ணு போடறதவிட அவனுக்குப் பழம் பெருசு" என்று மாமனார் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. தம்பியும் இறந்துவிட்டார். அவர் மகன் விஜயராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அடுத்த தெருதான். எதிரே வந்தால் மாமனார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பங்காளி என்று மிஞ்சியது அந்த ஒரு வீடுதான்.

அந்தச் சமயத்தில்தான் வளவனுக்கு அண்டார்டிகா வேலை வந்தது. கேமரா பயிற்சிக்கு அவனைச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே சக்கரபாணி என்ற விஞ்ஞானி பழக்கமானார். தென்துருவத்தில் நம் நாட்டு நிலையத்தில் அகச்சிவப்புக் கருவி ஒன்றைப் பார்த்துக்கொள்ள அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. சூட்டைப் படிக்கிற பொருளைக் கையாளத் தெரிந்தவன் என்று இவனைக் கேட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் இருக்க வேண்டும்.

வளவன் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துத்தான் சொன்னான். "மார்ச் மாசம் கடைசிக் கப்பல் கெளம்பிடும். அதுக்கப்புறம் நவம்பர் வரைக்கும் யாரும் உள்ள வர முடியாது, வெளிய போக முடியாது. எது நடந்தாலும் முடியாது. புரியுதாப்பா?"

"போடா. துபாய்க்குப் போனவனே மறுநாள் வந்து நிக்கிறான்" என்றார் மாமனார்.

நாங்களும் தலையாட்டினோம். கேட்டுக்கொண்டோமே தவிர எங்கள் மனதில் ஏறவில்லை. வண்டி போகாத இடம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

கிளம்புகிற அன்று திருநீறு பூசிவிட்டு மாமனார் ஒன்று சொன்னார். "எனக்கு ஒண்ணுன்னா மொதல் மண்ணு ஒன் கையாலதான். சித்தப்பன் வூட்டுக் கை எம்மேல படக்கூடாது. சொல்லிட்டேன்."

"ஒனக்கு ஒண்ணும் ஆவாதுப்பா. இன்ஹேலரை மட்டும் மறக்காம இழு."

அங்கிருந்து வாட்ஸப்பில் பேசுவான். சாட்டிலைட் லைன் என்பதால் விட்டுவிட்டு வரும். அவன் பார்க்கிற வேலையை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான்.

"மாமா, நெருப்பும் வெயிலும்தான் சூடு விடும்னு நெனைக்காதீங்க. ஐஸ் கட்டிகூட விடும், ரொம்பக் கம்மியா. சூடே விடாத பொருள்னு ஒண்ணு கெடையாது. கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சத்ததான் இங்க அளக்கறோம்."

அந்தத் துருவத்தில் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியனே எழும்பாதாம். பிளேன் பறக்கிற உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேலே, காற்று நாம் நினைக்க முடியாத அளவுக்குக் குளிர்ந்துபோகும். அப்போது அங்கே மெல்லிய மேகங்கள் உண்டாகும். சிலது வெறும் ஐஸ். சிலதில் ஆசிட் கலந்திருக்கும். இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேகமும் தன் பங்குக்குக் கொஞ்சம் சூடு விடும் அல்லவா? கீழேயிருந்து இவன் கருவி அந்தச் சூட்டை இழை இழையாகப் பிரித்துக் காட்டும். எந்த இழை தூக்கலாக இருக்கிறது என்று பார்த்தால் அது ஐஸ் மேகமா, ஆசிட் மேகமா என்று விஞ்ஞானிகள் சொல்லிவிடுவார்கள். அதே நேரத்தில் மேலே போகும் சாட்டிலைட் பூமியின் விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்து அளக்கும். இரண்டையும் ஒத்துப் பார்ப்பார்கள்.

எதற்கு என்றால், இந்த மேகத்தின்மேல் பட்டால் சாதுவாகக் கிடக்கிற குளோரின்கூட விஷமாக மாறிவிடுமாம். பழைய ஃபிரிட்ஜ், ஏசிகளில் இருந்து வெளியே போன வாயுவில் இருந்த குளோரின்தான். திரும்பச் சூரியன் வரும்போது அது ஓசோனைத் தின்றுவிடும். வெயிலின் கெடுதல் நம்மேல் படாமல் ஆண்டவன் விரித்து வைத்த குடை அந்த ஓசோன். இந்த வருஷம் குடையில் எவ்வளவு ஓட்டை விழும் என்பது அந்த மேகத்தின் கையில் இருக்கிறது.

வளவனுக்கு அதில் வேலை, கருவி இருக்கிற சின்ன அறைக்குப் போய்ச் சன்னலில் படியும் பனியைத் துடைப்பது, கருவியின் கண் குளிர்ந்தே இருக்க அதற்குத் திரவ நைட்ரஜன் ஊற்றுவது, வானத்தைக் காட்டுவதற்கு முன்னால் சூடான ஒரு கறுப்புத் தகட்டையும் குளிர்ந்த ஒரு கறுப்புத் தகட்டையும் காட்டிச் சரிபார்ப்பது. "படிக்கல்லை வெச்சுத் தராசைப் பாக்கற மாதிரிதான் மாமா" என்பான்.

மாமனார் போனை வாங்கிக் கேட்பார். "மழ மேகமாடா?"

"மழை பெய்யாதுப்பா."

"பின்ன எதுக்கு அதைப் பாத்துகினு கெடக்கற? இங்க வா, கடலூர்ல புயலே காட்டறேன்."

அவனும் சிரிப்பான். ஒருநாள் என்னிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னான்: "அந்த மேகம் வரணும்னா கடுங்குளிரு வேணும் மாமா. கடுங்குளிருல கப்பலும் வராது, பிளேனும் வராது. அதனாலதான் ஆளை முன்னாடியே கொண்டாந்து உள்ள அடைச்சி வெச்சிடறாங்க."

ஆனி மாதக் கடைசியில் மாமனார் போய்விட்டார். விடிந்ததும் டீ குடித்தார், இருமினார், சுவரில் சாய்ந்தார். அவ்வளவுதான். மலர்கொடி இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே நின்றாள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து மாமனாரின் தங்கை விருத்தாம்பாள் வந்து இறங்கினார். அழுது முடித்ததும் அந்த அம்மாள் முதலில் கேட்டது, "ஐஸ் பொட்டிக்குச் சொல்லிட்டீங்களா?" என்றுதான். எங்கள் பக்கத்தில் இப்போது அதுதான் வழக்கம். பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டியை வாடகைக்கு எடுத்து உடம்பை அதில் வைத்துக் காத்திருப்பார்கள். அந்த அம்மாளின் மாமனாருக்கே சிங்கப்பூரில் இருந்து பேரன் வரும்வரை அப்படித்தான் வைத்திருந்தார்களாம்.

"அத்தை, வளவன் இருக்கற எடத்துல இருந்து வர முடியாது" என்றேன்.

"நீங்க போன் போட்டுக் குடுங்க மாப்ள. வரானா இல்லியா பாப்போம்."

போட்டேன். வளவனுக்குச் சேதி முன்பே போயிருந்தது. "எடுத்துடுங்க மாமா. எனக்காக வெச்சிகினு இருக்காதீங்க. என்னால வர முடியாது."

அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டார். "டேய் கண்ணு, பக்கத்துல ஒம் மேனேஜர் நிக்கிறானா? அதான் இப்பிடிப் பேசறியா? அவங்கிட்டக் குடு."

சக்கரபாணி பேசினார். அவரும் அந்த வருஷம் அங்கேதான் இருந்தார். நல்ல மனிதர். குளிரையும் இருட்டையும் பனிக்காற்றையும் எடுத்துச் சொன்னார். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரே ஒரு வாரம் லீவு குடுங்க சாமி. ஒங்க காலைப் புடிச்சிக் கேக்கறேன். அப்பன் மூஞ்சியப் பாத்து மண்ணு போட்டுட்டு வந்துடுவான்" என்று அழுதார். "அம்மா, நான்..." என்று அவர் தொடங்கினார். லைன் அறுந்தது.

"குடுத்துடுவார். நெஞ்சுல ஈரம் உள்ள மனுசன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் அத்தை.

இப்படித்தான் காத்திருப்பது என்று ஆயிற்று. நான் இரண்டொரு முறை வாயைத் திறந்தேன். "மருமவப்புள்ளைக்கு என்ன அவசரம்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். மாமனார் சொல்லிவிட்டுப் போன வார்த்தை எல்லோருக்கும் தெரியும். மகன் கை வராவிட்டால் விஜயராஜ் கைதான். அவனோ ரோட்டோரம் ஆட்டோவை நிறுத்திவிட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தான். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. அவனும் போகவில்லை.

மலர்கொடி அத்தையிடம் போய், "நான் போடறேன் அத்தை. நானும் அவருக்குப் பொறந்தவதான?" என்றாள்.

"பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்கு வர்றதா? சும்மா இருடி. அவன் வருவான்."

மறுநாளும் அப்படியே போனது. ஒருவர் கலெக்டரிடம் மனு கொடுத்தால் பிளேன் அனுப்புவார்கள் என்றார். இன்னொருவர், "அப்பன் சாவுக்கே லீவு குடுக்காத கம்பெனி எங்க இருக்குது? இவன்தான் சம்பளம் புடிச்சிடுவாங்கன்னு வராம இருக்கான்" என்றார். சொன்னவர் மாமனாரோடு ஒன்றாகக் கரி அள்ளியவர். மலர்கொடி காதில் விழும்படியே சொன்னார்.

வளவன் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். "எப்ப எடுக்கறீங்கன்னு மட்டும் சரியாச் சொல்லிடுங்க மாமா. அந்த நேரத்துல நான் இங்க தலை முழுகணும்."

மூன்றாம் நாள் காலையில் பேய்க்காற்று அடித்தது. தெருமுனைப் பலாமரத்தின் கிளை ஒயர்மேல் விழுந்து கரண்ட் போனது. ஜெனரேட்டர் கொண்டுவந்தார்கள். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு அதுவும் நின்றது. பெட்டியின் கண்ணாடியில் உள்பக்கம் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து வழிய ஆரம்பித்தது. மாமனாரின் முகம் அந்தத் தண்ணீருக்குப் பின்னால் மங்கிப்போனது. மதியத்துக்குள் வாடை வந்துவிட்டது. ஊதுவத்தியைக் கட்டுக்கட்டாகக் கொளுத்தினோம். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து தெருவுக்குப் போனார்கள். முருகா, எந்த மனிதனுக்கும் அந்த நிலை வரக் கூடாது.

அத்தைதான் கடைசியில் எழுந்தார். ரோட்டுக்குப் போய் ஆட்டோ பக்கத்தில் நின்று, "எழுந்து வாடா விஜயராஜு. ஒங்க பெரியப்பன எடுக்கணும்" என்றார்.

அவன் வந்தான். குளிப்பாட்டக்கூட முடியவில்லை, தண்ணீரைத் தெளித்து எடுத்தோம். பறை அடிப்பவர்கள் தூரத்திலேயே நடந்தார்கள். குழிக்குள் இறக்கியதும் விஜயராஜ் மண்ணைக் கையில் எடுத்தான்.

"பெரியப்பா, நீ வேணாம்னு சொன்ன கைதான் இது. கோவிச்சிக்காத" என்று சொல்லிவிட்டுப் போட்டான்.

அங்கிருந்தே நான் வளவனுக்குச் சேதி அனுப்பினேன், முடிந்தது என்று.

அந்தப் பக்கம் நடந்ததைச் சக்கரபாணி பிறகு சொன்னார். அங்கே பகலும் இருட்டுதான். அன்றைக்கு மேல்வானத்தில் குளிர் கூடியிருந்தது. மேகம் வரும் என்றும் அந்த நேரத்தில் சாட்டிலைட் தாண்டும் என்றும் கணித்திருந்தார்கள். "வளவன், நீ இன்னிக்கு வேணாம், நான் போறேன்" என்று அவர் சொன்னார். "மூணு நாளா சும்மாதான் சார் உக்காந்திருக்கேன்" என்றானாம் இவன். என் சேதி வந்தபோது புறப்பட வேண்டிய நேரம். குளிக்காமல் எப்படிப் போவான்? சாவு விழுந்தால் தலை முழுகுவது நமக்குக் கைகால்போல ஒட்டிக்கொண்ட பழக்கம். மெஷினை எடுத்துத் தானே மொட்டை அடித்துக்கொண்டான். அளந்து கொடுக்கிற தண்ணீரில் தலையோடு ஊற்றிக்கொண்டான். துவட்டினானோ இல்லையோ, குல்லாவைப் போட்டுக்கொண்டு, இருட்டில் வழி தவறாமல் இருக்கக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி கருவி அறைக்குப் போய்விட்டான்.

தலை ஈரம் குல்லாவோடு சேர்ந்து உறைந்தது. முதலில் காது வலித்ததாம். பிறகு வலி நின்றுவிட்டது, சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறான். வலி நின்றால்தான் அங்கே ஆபத்து. சன்னலைத் துடைத்தான், நைட்ரஜன் ஊற்றினான், இரண்டு தகட்டையும் காட்டினான், பிறகு வானத்தைக் காட்டினான். சாட்டிலைட் தாண்டிப் போகும்வரை இருந்து முடித்துவிட்டுத்தான் வந்தான். குல்லாவைக் கழற்றியபோது இடது காது மெழுகுபோல் வெளுத்திருந்தது. சில நாளில் கறுத்தது. நிலையத்து டாக்டர் மேல்பாதியை வெட்டி எடுத்தார்.

"அன்னிக்கு அவன் எடுத்துக் குடுத்த அளவு ரொம்பத் தெளிவா இருக்குங்க. ஆசிட் மேகம். சாட்டிலைட் கணக்கோட அப்பிடியே ஒத்துப்போகுது" என்றார் சக்கரபாணி. ஆறுதலாகத்தான் சொன்னார். நான் சரிங்க என்றேன். மலர்கொடியிடம் காதைப் பற்றி மட்டும் சொன்னேன்.

மாசி மாதத்தில் வளவன் திரும்பினான். வடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பையோடு நேராக விஜயராஜ் வீட்டுக்குப் போயிருக்கிறான். அப்புறம்தான் எனக்குப் போன் வந்தது. மூவருமாகச் சுடுகாட்டுக்குப் போனோம். ஐப்பசி கார்த்திகை மழையில் மேடெல்லாம் கரைந்து தரையோடு தரையாகக் கிடந்தது. நாயுருவி முளைத்திருந்தது. எனக்கே இடம் பிடிபடவில்லை. விஜயராஜ் தயங்காமல் போய் நின்றான்.

"இங்கதாண்டா."

வளவன் செருப்பைக் கழற்றினான். கும்பிட்டான். பிறகு குனிந்து கொஞ்சம் தள்ளியிருந்த செம்மண்ணைக் கைநிறைய அள்ளினான். விஜயராஜ் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாண்டா. போட்டது போட்டதுதான். ரெண்டாவது மண்ணு போட்டா வூட்டுல இன்னொரு உசுரு போவும்."

"அவரு என் கையாலதாண்டா கேட்டாரு."

"தெரியும். எங்கிட்டயா சொல்ற?" என்றான் விஜயராஜ். பிடியை விடவில்லை. "அக்காவுக்குப் புள்ளைங்க இருக்குதுடா."

வளவன் என்னைப் பார்த்தான். ஆண்டவன் அப்படியெல்லாம் தண்டிப்பவன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் பிள்ளைகள் முகம் கண்ணில் வந்தது.

வளவன் கையைத் தளர்த்தினான், விஜயராஜ் பிடியை விட்டான். வளவன் திரும்பிப் போய், எங்கே அள்ளினானோ அங்கேயே உட்கார்ந்து, அந்த மண்ணைப் பள்ளத்தில் கொட்டி, கையால் தட்டிச் சமமாக்கினான்.